மேட்டில் மட்டும் வரும் மிஸ்ஸிங்

எங்கள் காருக்கு வந்த கோளாறு சமவெளியில் தலைகாட்டவே இல்லை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கோத்தகிரிச் சாலை மேடேறத் தொடங்கியதும், மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் வண்டி உதறும். இழுவை ஒரு நொடி அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். டாஷ்போர்டில் எஞ்சின் வடிவிலுள்ள மஞ்சள் விளக்கு சிமிட்டும். குஞ்சப்பனைக்குக் கீழே இந்தத் தொல்லை கடுமையாக இருக்கும். கோத்தகிரிக்கு அருகே மேலேயுள்ள அரவேணுவை நெருங்க நெருங்கத் தணியும். வீட்டு வாசலில் நிறுத்தி ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓட விட்டுப் பார்த்தால் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். இறக்கத்தில் கேட்கவே வேண்டாம், புது வண்டி மாதிரி இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை பிடித்து ஊரே மூடுபனியில் கிடந்த நாட்களில் மட்டும் மேலேயும் உதறல் இருந்தது.

மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்று சொல்லும் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு, அது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற பட்டியலே முதல் கருவி என்பது என் கருத்து. அதனால்தான் மேலே அவ்வளவு விவரமாக எழுதினேன். 'வண்டி உதறுகிறது' என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுப்பவருக்குப் பெரும்பாலும் நான்கு பிளக் (பொறி தருவது), நான்கு காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), ஒரு ஃபியூயல் பம்ப் என்று பில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில், சுழலும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒருமுறை எரிதல் நடக்க வேண்டும். 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) மேடேறும்போது ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 1,000 முறை எரிகிறது. அவற்றில் சில தவறினாலே, நால்வர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் அவ்வப்போது தோளை விலக்கிக்கொள்வதைப் போல, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். எரிவதற்குத் தேவையானவை மூன்று: சரியான நேரத்தில் வலுவான பொறி, அளவான பெட்ரோல், போதிய அழுத்தத்தில் காற்று. இம்மூன்றில் எது, எந்தச் சிலிண்டரில், எந்த நிலையில் தவறுகிறது என்பதே கேள்வி.

மலைக்கு வெளியூர்க்காரர்கள் ஓட்டிவரும் வண்டிகளில் இன்னொரு குறை சொல்லப்படுவதுண்டு. அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோ பாஸ்கல். மேட்டுப்பாளையத்தில் அது ஏறக்குறைய 97 ஆகவும், 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 81 ஆகவும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 77 ஆகவும் குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் இந்த மெலிந்த காற்றைத்தான் உறிஞ்சியாக வேண்டும் என்பதால், உதகையில் அதன் வலுவில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக இல்லாமல் போகிறது. 'பிக்கப்பே இல்லை' என்று சுற்றுலா வந்தவர்கள் புலம்புவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இந்த மந்தம் சீரானது. மிதித்த அளவுக்கு மெதுவாக, அறுபடாமல் இழுக்கும். மிஸ்ஸிங் அப்படியன்று, வெட்டி வெட்டி இழுக்கும். இந்த வேறுபாட்டைக் கால் பாதமே சொல்லிவிடும். கருவி எதுவும் தேவையில்லை.

கார்ப்பரேட்டர் காலத்தில் இந்த மெலிந்த காற்று உண்மையாகவே மிஸ்ஸிங்கிலும் கொண்டுபோய்விட்டது. சமவெளிக்குப் பொருத்திய ஜெட்டோடு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறுதுளை) மேலே வந்த ஜீப்பும் அம்பாசிடரும் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் குடித்து, கரும்புகை விட்டு, பிளக்கில் கரி படிந்து திணறின. இன்றைய எஞ்சினில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரும், சைலன்சர் குழாயில் மிச்ச ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரும் இருப்பதால், உயரத்துக்கேற்ப ஈசியூ எனும் எஞ்சின் கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே 'மலைக் காற்றுக்கு அப்படித்தான் இருக்கும் சார்' என்று இப்போதைய காருக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். அது சிமிட்டினால், எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைச் சிதைக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். உடனே காலைத் தளர்த்த வேண்டும். சிமிட்டல் நிற்காவிட்டால் ஓரங்கட்ட வேண்டும். நீலகிரியில் இதற்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு: மாசி, பங்குனியில் சாலையோரப் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும்போது, மிஸ்ஸிங்கோடு மேடேறிப் பழுக்கக் காய்ந்த கன்வெர்ட்டரை அந்தப் புல்லின் மேல் கொண்டுபோய் நிறுத்தவே கூடாது. தார் அல்லது மண் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது.

பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகளுக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல், கோளாறுகளைத் தானே கண்டு பதிவுசெய்யும் ஓபிடி-2 ஏற்பாடு கட்டாயமாயிற்று. அதற்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகிக் கைப்பேசியிலேயே படித்துவிடலாம். மிஸ்ஸிங்கை ஈசியூ கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. கிராங்க் சென்சார் ஒரு பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் சற்று விரைவுபெற வேண்டும். எந்தச் சிலிண்டரின் முறையில் அந்த விரைவு கிடைக்கவில்லையோ அதன் பெயரில் ஒரு தவறு எழுதப்படும். எண்ணிக்கை கூடினால் பி 0301 முதல் பி 0304 வரை சிலிண்டர் எண்ணோடு கோடு (கோளாறுக் குறியீடு) விழும்; குறிப்பிட்ட ஒன்று என்று சொல்ல முடியாவிட்டால் பி 0300 விழும். குண்டும் குழியுமான எஸ்டேட் சாலையில் சக்கரம் அடிவாங்கும் அதிர்ச்சியும் கிராங்கை எட்டும் என்பதால், சில கார்களில் அத்தகைய சாலையில் இந்த எண்ணிக்கையையே நிறுத்திவைப்பார்கள்.

எங்கள் வண்டியில் விழுந்தது பி 0303. மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதற்குமேல் இந்தக் கோடு எதுவும் சொல்வதில்லை. காயிலை மாற்று என்று அது சொல்வதாகப் பலர் படித்துக்கொள்கிறார்கள். இந்தக் குறியீட்டைவிட மதிப்புள்ளது அதனோடு சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம், அதாவது கோடு விழுந்த அந்தக் கணத்தின் அளவீடுகள். எங்கள் வண்டியில் எஞ்சின் வெப்பம் வழக்கமான அளவு, வேகம் 1,900 ஆர்பிஎம், சுமை எண்பது சதவீதத்துக்கு மேல். குளிரில் வரவில்லை, ஐடிலில் வரவில்லை, குறைந்த ஆர்பிஎம்மில் முழுச்சுமை இழுக்கும்போது வந்திருக்கிறது என்று இது உறுதி செய்தது. குறியீட்டை அழித்தால் இந்த விவரமும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதால், அழிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கோத்தகிரியில் நாங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன், முதலில் மூன்றாவது காயிலை ஒன்றாவதுக்கும் ஒன்றாவதை மூன்றாவதுக்கும் மாற்றிப் போட்டார். செலவே இல்லாத, சரியான சோதனை: மிஸ்ஸிங் காயிலோடு இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வால்வு என்று தேட வேண்டும். ஆனால் எங்கள் வண்டி இரண்டுக்கும் உடன்படவில்லை. மேடேற்றிப் பார்த்தபோது பி 0301, பி 0303 இரண்டும் விழுந்தன, துணைக்கு பி 0300 வேறு. மிஸ்ஸிங் இடம் மாறவும் செய்தது, இருந்த இடத்திலேயே இருக்கவும் செய்தது.

இடையில் வேறு வேலையாகக் கோயம்புத்தூர் போனபோது அங்கே ஒரு பணிமனையில் காட்டினோம். சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு உதறல் எதுவும் இல்லை என்றார்கள். பிறகு ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைத் திருத்திக்கொள்ளும் அளவு, கூடுதலாக இருப்பதைக் காட்டி, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, பம்ப் வலுவிழந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. மேடேறும்போது மட்டும் வரும் கோளாறு, இரண்டு சிலிண்டரில் தவறு, பெட்ரோல் குறைவு என்று சென்சாரே சொல்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது; சைலன்சர் குழாயில் மிஞ்சி வரும் ஆக்ஸிஜனை மட்டுமே தெரியும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அதிலிருந்த காற்று முழுவதும் ஆக்ஸிஜனோடு அப்படியே வெளியே வருகிறது. சென்சார் அதைப் பார்த்துக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சொல்கிறது. ஈசியூவும் அதை நம்பி எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆகவே, கூடியிருக்கும் டிரிம் மிஸ்ஸிங்கின் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். கோடுகளை அழித்து, மேடேறாமல், வீட்டு வாசலில் சூடேற விட்டுப் பார்த்தபோது டிரிம் பூச்சியத்தை ஒட்டியே நின்றது. மேட்டில் உதறிய பிறகுதான் ஏறியது. முன்பின் தெரிந்துவிட்டால் எது காரணம், எது விளைவு என்ற குழப்பம் தீர்கிறது.

மெக்கானிக் அண்ணன் இவ்வளவு விளக்கத்துக்குப் போகவில்லை. பம்ப் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "பம்ப்பு போச்சுன்னா நாலும் சேர்ந்துல்ல சார் திணறணும்? ஒண்ணும் மூணும் மட்டும் எப்படீங்க பட்டினி கிடக்கும்?" என்றார். ஸ்கேனரின் மோட் 6 பகுதியில் சிலிண்டர்வாரியாக மிஸ்ஸிங் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டிலும் நான்கிலும் பூச்சியம். நான்குக்கும் ரெயில் எனப்படும் ஒரே பொதுக் குழாயிலிருந்துதான் பெட்ரோல் போகிறது. நான்கும் ஒரே மலைக் காற்றைத்தான் உறிஞ்சுகின்றன. பொதுவான ஒன்றில் குறை இருந்தால் நான்கிலும் ஏதாவது தடயம் தெரிய வேண்டும். ஒரு சிலிண்டரைப் புத்தக அளவோடு ஒப்பிடுவதைக் காட்டிலும் பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிடுவதுதான் மலையில் நம்பகமான அளவுகோல் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இனி கழற்றிப் பார்த்த கதை. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு நான்கு காயில்களையும் தூக்கினோம். இந்த வகை எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் தலைமீதும் ஒரு காயில் நேரடியாக உட்கார்ந்திருக்கும். அதன் கீழே நீண்டு தொங்கும் ரப்பர் பூட், ஆழமான குழிக்குள் இறங்கிப் பிளக்கின் பீங்கானைக் கவ்வியிருக்கும். மூன்றாவது குழியின் அடியில் பழுப்பான எண்ணெய்க் கசிவு மினுங்கியது. மற்ற மூன்றும் உலர்ந்திருந்தன. குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே பிளக்குகளைக் கழற்றினோம், இல்லாவிட்டால் குழியிலிருக்கும் மண்ணும் துருவும் நேராக சிலிண்டருக்குள் விழும்.

மூன்றாவது பிளக்கின் எரியும் முனையில் சொல்லும்படி எதுவும் இல்லை. காபிப்பொடி நிறத்தில் மற்றவற்றைப் போலவே இருந்தது. கோளாறு அதன் மேற்பாதியில் இருந்தது. வெள்ளைப் பீங்கானின் மேலிருந்து கீழே உலோக உடல்வரை, கூரிய பென்சிலால் கீறியதுபோல் ஒரு கருங்கோடு. துணியால் துடைத்தோம், தின்னரில் நனைத்துத் துடைத்தோம், போகவில்லை. பூட்டின் உள்வாயை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, அதே உயரத்தில் ஊசிமுனையளவு ஒரு துளையும் அதைச் சுற்றிச் சாம்பல் நிற வளையமும் தெரிந்தன. மூன்றாவதில் முதலில் இருந்து இப்போது ஒன்றாவதில் மாட்டியிருந்த பூட் அது. அதன் ரப்பர் மற்ற பூட்டுகளைவிட ஊறிப் பருத்து, விரலால் அழுத்தினால் குழைந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் சுற்றிலும் வளையமாகப் பழுப்புக் கறை இருந்தால் பலர் பிளக் கசிகிறது என்று சொல்லித் தூக்கியெறியச் சொல்வார்கள். உயர் மின்னழுத்தத்தால் காற்றிலுள்ள தூசு அங்கே ஒட்டுவதால் வரும் கறை அது, குற்றமில்லாதது. செங்குத்தாக ஓடும் கருங்கோடுதான் கவலைக்குரியது.

அந்தக் கருங்கோடு, மின்சாரம் போன வழி. காயில் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தருகிறது. அது பிளக்கின் முனையிலுள்ள ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டும். தாண்டுவதற்கு எவ்வளவு வோல்ட் தேவை என்பது அந்த இடைவெளியில் அப்போது இருக்கும் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. ஐடிலில், காற்று புகும் வழியிலுள்ள த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டரில் காற்று குறைவு. சிறிய வோல்ட்டே போதும். மேட்டில் மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து அழுத்தப்படுகிறது. அதைத் துளைக்க அதிக வோல்ட் வேண்டும். வோல்ட் ஏற ஏற, மின்சாரத்துக்கு உள்ளே தாண்டுவதைவிட ரப்பரின் பழுதான இடத்தின் வழியாகப் பீங்கானின் வெளிப்பக்கம் இறங்கி எஞ்சின் ஹெட்டில் சேர்வது சுலபமாகப் போகிறது. அப்படி ஒருமுறை இறங்கினால் அந்த வழியில் கரி படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை இறங்குவது இன்னும் சுலபம்.

இதை வைத்துப் பார்த்தால், முதல் பத்தியில் எழுதிய அறிகுறிகள் எல்லாம் வரிசையாக உட்காருகின்றன. அடிவாரத்தில் காற்று அடர்த்தி அதிகம், ஏற்றமும் அதிகம், ஆகவே குஞ்சப்பனைக்குக் கீழே உதறல் கடுமை. மேலே ஏற ஏறக் காற்று மெலிவதால் பொறிக்குத் தேவைப்படும் வோல்ட் குறைந்து, அரவேணுவில் தணிகிறது. மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் இறங்கி வெளிவழி இன்னும் சுலபமாவதால், மெலிந்த காற்றிலும் உதறுகிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு எஞ்சின் பிடிப்பில் இறங்கும்போது ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது; எரிதலே இல்லாதபோது மிஸ்ஸிங் எங்கிருந்து வரும்? கோயம்புத்தூரின் சமதளத்தில் பாதி மிதிப்பே போதும் என்பதால் அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் மீது தவறில்லை என்று சொல்லமாட்டேன். மருதமலை ஏற்றத்தில் ஒருமுறை மிதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

காயில் மாற்றிய சோதனை ஏன் குழப்பியது என்பதும் விளங்கியது. மூன்றாவது சிலிண்டரில் பழுதான பிளக் அப்படியே இருந்தது. அதன் கருங்கோட்டின் வழியே நல்ல பூட்டின் மின்சாரமும் இறங்கியது. பழுதான பூட் ஒன்றாவதுக்குப் போய் அங்கே நல்ல பிளக்கையும் ஏமாற்றியது. பூட்டும் பிளக்கும் சேர்ந்தே கெடும் என்பதால், ஒன்றை மட்டும் இடம் மாற்றினால் இரண்டு சிலிண்டரில் தவறு காட்டும். இதை உறுதி செய்ய, மூன்றாவதில் புதுப் பிளக் ஒன்றை மட்டும் போட்டு, பழுதான பூட்டை ஒன்றாவதிலேயே விட்டுவைத்து மறுபடி குஞ்சப்பனை வரை இறங்கி ஏறினோம். இம்முறை பி 0301 மட்டும் விழுந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் இப்படிப் பேசும். பிளக், காயில், இன்ஜெக்டர் சுத்தம், த்ராட்டில் சுத்தம் என்று ஒரே நாளில் எல்லாம் செய்துவிட்டால் வண்டி சரியாகலாம், எதனால் சரியாயிற்று என்று தெரியாது.

பிளக்குகள் கழன்றிருந்தபோதே கம்ப்ரஷனையும், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும், பார்த்துவிட்டோம். நான்கு பிளக்கும் வெளியே, பெட்ரோல் போகாமலும் காயிலுக்கு மின்சாரம் போகாமலும் தடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, முள் நிற்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். இங்கேதான் மலையில் பலர் பயந்துபோகிறார்கள். கடல் மட்டத்தில் 180 பிஎஸ்ஐ காட்ட வேண்டிய நல்ல எஞ்சின், 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரியில் ஏறக்குறைய 145 தான் காட்டும், ஏனென்றால் உள்ளே போகும் காற்றே ஐந்தில் நான்கு பங்குதான். புத்தகத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சின் இறக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது அநியாயம். எங்கள் வண்டியில் நான்கும் 140க்கும் 145க்கும் இடையே நின்றன. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

பழைய வண்டிகளில் ஓடும் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். இன்றைய வண்டியில் காயிலை அப்படிப் பிடுங்கக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும், போக்கிடமில்லாத உயர் மின்னழுத்தம் காயிலையும் ஈசியூவையும் பதம் பார்க்கும். அதே சோதனையை இன்ஜெக்டரின் கப்ளரைக் கழற்றிச் செய்தால் பெட்ரோலும் நின்றுவிடும், சோதனையும் நடக்கும். சில கார்களில் மிஸ்ஸிங் கடுமையானால் ஈசியூ தானாகவே அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரை நிறுத்திவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிளக் உலர்ந்து வெளியே வந்ததும் இன்ஜெக்டர் பழுது என்று பாய்ந்துவிடக் கூடாது. எலி கடித்த இன்ஜெக்டர் வயர் இங்கே அடிக்கடி நடப்பது. தோட்டத்தை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மிச்சமிருந்த கேள்வி அந்த எண்ணெய். பூட்டை மட்டும் மாற்றிவிட்டு விட்டிருந்தால், அடுத்த மழைக்குள் புதுப் பூட்டும் ஊறிப் போயிருக்கும். பிளக் குழியைச் சுற்றி, எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல் காய்ந்து விறைத்துப்போனால், உள்ளேயிருக்கும் எஞ்சின் ஆயில் குழிக்குள் கசியும். கவரைத் தூக்கிப் பார்த்தபோது மூன்றாவது சீல் விரலில் நொறுங்கியது. மற்றவையும் அதே வயதுதான். நான்கு சீலும் டேப்பட் கவர் பேக்கிங்கும் சேர்த்து மாற்றினோம். கவர் போல்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்; இது அலுமினியம், வலு காட்டும் இடமில்லை.

பிளக்குகளை நான்காகவே மாற்றினோம். காயிலை நான்காக மாற்றச் சொன்னால் நான் மறுப்பேன், பிளக்கை ஒன்றாக மாற்றச் சொன்னாலும் மறுப்பேன். பிளக் தேய்ந்து இடைவெளி அகலும்போது பொறிக்கான வோல்ட்டும் கூடுகிறது, அந்தச் சுமை காயிலின் தலையில் விழுகிறது. எங்கள் வண்டிக்குச் சொன்ன இடைவெளி 1.1 மி.மீ.; கழற்றியவற்றில் 1.3 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் கருவி) தடையின்றி நுழைந்தது. புதுப் பிளக்கை ரெஞ்ச் இல்லாமல் கையாலேயே மரை பிடிக்கும்வரை திருக வேண்டும். கோணலாகப் பிடித்தால் ஹெட்டின் மரை போய்விடும், பிறகு லேத் வேலைதான். 14 மி.மீ. மரையுள்ள பிளக்கிற்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், மெல்லிய மரையுள்ளவற்றுக்கு அதைவிடக் குறைவு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றுக்குச் சற்று மேல். மூன்றாவது காயில் நன்றாகவே இருந்ததால் ரப்பர் பூட்டை மட்டும் தனியாக வாங்கினோம். சில மாடல்களில் பூட் தனியாகக் கிடைக்காது, காயிலோடுதான் வாங்க வேண்டும். பூட்டின் உள்வாயில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் ஈரம் புகாது, அடுத்த முறை கழற்றும்போது பீங்கானோடு ஒட்டிக்கொண்டும் வராது.

பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் மருந்து எதையும் நாங்கள் ஊற்றவில்லை. ரப்பரில் விழுந்த துளையை அது அடைக்காது.

எல்லாம் பூட்டிய பிறகு, கோடுகளை அழித்து, வண்டி நிறைய ஆளேற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை இறங்கினோம். திரும்பும்போது பழைய ஃப்ரீஸ் ஃபிரேமில் இருந்த அதே நிலையை வேண்டுமென்றே உண்டாக்கினோம்: மூன்றாவது கியர், 1,900 ஆர்பிஎம், முழு மிதிப்பு. இழுவை அறுபடவில்லை, மோட் 6-இல் நான்கு சிலிண்டருக்கும் பூச்சியம். சில நாள் கழித்து மழையிலும் ஒருமுறை பார்த்தோம், அப்போதும் அப்படியே.

கன்வெர்ட்டர் பிழைத்ததா என்பதைக் கடைசியாகப் பார்த்தோம். சூடேறிய எஞ்சினைச் சீரான வேகத்தில் வைத்து, கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்ட்டைக் கவனிக்க வேண்டும். அது 0.6, 0.7 வோல்ட் அருகே பெரிதாக அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சாரைப் போலவே மேலும் கீழும் தாவினால் அது சோர்ந்துவிட்டது, இன்றோ நாளையோ பி 0420 விழும். எங்கள் வண்டியில் அசையாமல் நிற்கிறது. அடுத்த ஆயில் மாற்றும்போது மூன்றாவது காயிலைத் தூக்கிக் குழி உலர்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.